பாட்டு நிற்கும் இடத்தில் ஒரு குரல்

இதில் ஒரு சொல்லும் ஒட்டவைத்தது இல்லை. ஜெயபாலன் இன்றும் மலேசியாவின் ஈப்போவில்தான் இருக்கிறான். சந்தேகப்படுகிறவர்கள் புந்தோங் பக்கம் அவன் வேலை செய்யும் டயர் கடைக்குப் போய்க் கேட்கலாம். எல்லாவற்றையும் சொல்லுவான். ஒரே ஓர் இடம் வரும்போது மட்டும் பேச்சை நிறுத்திவிட்டு, கையைத் துடைத்துக்கொண்டு உள்ளே போய்விடுவான். பேயைப் பார்த்தேன் என்று அவன் யாரிடமும் சொன்னதில்லை. பார்த்தால்தானே சொல்வதற்கு?

நடந்தது எண்பத்தாறாம் வருஷம். பட்டப்பகலில், டவுனுக்கு நடுவில்.

ஜெயபாலன் கிட்டார் வாசிப்பான். சீனி பேஸ் கிட்டாரும் பாட்டும். ராஜு டிரம்ஸ். மூவரும் ரப்பர்த் தோட்டத்தை விட்டு டவுனுக்கு வந்த குடும்பத்துப் பிள்ளைகள். பகலெல்லாம் வேலை, மாலையில் சீனி வீட்டுக் கோழிக்கொட்டகையில் ஹெவி மெட்டல். கல்லு லாரி கொட்டுகிற மாதிரி இருக்கிறது என்று சீனியின் அம்மா ஒருநாள் சலித்துக்கொண்டார். மூவரும் அதைப் பாராட்டாகவே எடுத்துக்கொண்டார்கள்.

அப்படி நான்கு வருஷம் கத்தியதில் உருப்படியாக ஒரு பாட்டு தேறியது. அதைப் பதிவு செய்து வைத்துவிட வேண்டும் என்று ஆசை. ஆசை என்பதைவிட அவசரம் என்று சொல்வது சரி. ராஜுவுக்கு சிங்கப்பூரில் கப்பல் பட்டறை வேலை கிடைத்துவிட்டது. திங்கட்கிழமை காலை பஸ். அவன் போய்விட்டால் குழு இல்லை. குழு இல்லாவிட்டால் பாட்டும் இல்லை.

பழைய டவுனில் ஒரு சீன மருந்துக் கடைக்கு மாடியில் ஆ சோங் என்பவர் சின்னதாக ஒரு ஸ்டூடியோ வைத்திருந்தார். சனி, ஞாயிறு இரண்டு நாளும் இவர்களுக்கு. ஞாயிறு ஆறு மணிக்கு அவர் கதவைச் சாத்திவிடுவார்.

சனிக்கிழமை முழுக்க ஆம்ப்ளிஃபையர் தின்றுவிட்டது.

வெளியாருக்கு இது புரியாது. இந்த மாதிரிப் பாட்டுக்கு கிட்டார் பாதிதான், மீதி ஆம்ப்ளி. கிட்டார் சொல்வதை அது உறுமிக் காட்ட வேண்டும். ஸ்டூடியோவில் இருந்தது ஜப்பான்காரன் செய்த டிரான்சிஸ்டர் பெட்டி. கல்யாண வீட்டுப் பாட்டுக்கு அருமையாக இருக்கும். ஜெயபாலன் எல்லாக் குமிழ்களையும் திருகிப் பார்த்தான். பால் டின்னுக்குள் அகப்பட்ட வண்டு மாதிரி ரீங்கரித்ததே தவிர உறுமவில்லை.

அடுத்தது, சிம்பாங் பூலாய் பக்கத்து மலாய்ப் பையன்களிடம் வாடகைக்கு எடுத்தது. ஆள் உயரம். நான்கு பேர் சேர்ந்து மாடிப்படியில் ஏற்றினார்கள். அதை முழுக்கத் திறந்தால்தான் அதற்கு உயிர் வரும். திறந்தார்கள். கீழே மருந்துக் கடையில் அலமாரிச் சீசாக்கள் எல்லாம் ஒன்றோடொன்று இடித்துக்கொண்டு பேச ஆரம்பித்தன. கடைக்காரக் கிழவர் உடைந்த ஒரு மூடியைக் கையில் ஏந்தியபடி மேலே வந்து நின்றார்.  மூடியை மட்டும் காட்டினார். சத்தத்தைக் குறைத்தார்கள். குறைத்ததும் அது செத்தது.

மூன்றாவது ராஜுவின் யோசனை. ஆம்ப்ளியே வேண்டாம், கிட்டாரை நேராகப் பதிவு மேசையிலேயே சொருகிவிடலாம் என்றான். கைலி கிழிகிற சத்தம் வந்தது.

ஜெயபாலன் கிட்டாரைக் கழற்றிச் சுவரில் சாய்த்துவிட்டு உட்கார்ந்துவிட்டான். ராஜு குச்சியால் முதுகைச் சொறிந்துகொண்டான்.

"நீ ஆம்ப்ளி பொறுக்கி முடிக்கிறதுக்குள்ள நான் சிங்கப்பூர்ல பேரன் பேத்தி எடுத்துருவேன் லா, மச்சான்."

அந்த வெறுப்போடுதான் அவன் சாயங்காலம் தான் வேலை செய்யும் டயர் கடைக்குப் போனான். அங்கே ராமையா வந்திருந்தார். ஆயர் தாவார் பக்கத்து லாரி டிரைவர், டயருக்கு எப்போதும் இங்கேதான் வருவார். ஜெயபாலன் அவர் கேட்காமலே ஸ்பேர் டயருக்கும் காற்று பார்த்து வைப்பான், தனக்கு வாங்கும் தேநீரில் பாதியை அவருக்கு ஊற்றிக் கொடுப்பான். அன்று முகம் வாடிக் கிடந்தவனிடம் அவர் என்னவென்று கேட்டார். சொன்னான். அவர் கொஞ்ச நேரம் தேநீரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"எங்க தோட்டத்துக் கோயில்ல பழைய ஆம்ப்ளி ஒண்ணு கெடக்கு தம்பி. வால்வு செட்டு. கூட வச்சா தொண்டை கட்டுன மாதிரி கரகரன்னு கத்தும். அதனாலதான் புதுசு வாங்கிட்டாங்க."

தொண்டை கட்டினது போல! அவன் நாள் முழுக்கத் தேடியது அதுதான்.

மறுநாள் காலையே ராமையா லாரியில் கொண்டுவந்து இறக்கினார். கோணிச் சாக்கில் சுற்றிய ஓர் இரும்புப் பெட்டி. சாம்பல் பெயிண்டின் மேல் பழைய குங்குமக் கறை. வால்வு நன்றாகச் சூடான பிறகு வாசியுங்கள் என்றார். மேலே வந்து ஒரு கோப்பி குடிக்கச் சொல்லியும் வரவில்லை. கோயிலில் அன்று துப்புரவு வேலையாம். படிக்கட்டில் பெட்டியை வைத்தபோது அதைத் தூங்கும் பிள்ளையை இறக்குவது போல இறக்கினார் என்பதை ஜெயபாலன் கவனித்தான். அப்போது அது பெரிதாகத் தோன்றவில்லை.

கோயில் கொம்பு ஸ்பீக்கருக்குப் பதில் ஸ்டூடியோ ஸ்பீக்கரை மாட்டினார்கள். அதன் முன்னால் ஆ சோங் ஒரு மைக்கை நிறுத்தினார். பெட்டிக்குப் பின்னால் நான்கு கண்ணாடி வால்வுகள் மெல்ல மெல்ல ஆரஞ்சு நிறமாயின. ஜெயபாலன் தந்திகளைச் சேர்த்து ஒரே ஒரு கார்டு அடித்தான்.

மூவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

அதுதான். கனமான, கரகரத்த, அடிவயிற்றில் இருந்து வரும் உறுமல். கீழே ஒரு சீசாகூட அசையவில்லை. ஆ சோங் கண்ணாடிக்குப் பின்னால் கட்டைவிரலை உயர்த்தினார்.

பாட்டின் நடுவில் ஒரு நிறுத்தம் உண்டு. மூவரும் ஒரே அடியில் நிறுத்த வேண்டும். நான்கு எண்ணும் நேரம் மூச்சுச் சத்தம்கூடக் கூடாது. பிறகு கிட்டார் மட்டும் தனியாக உள்ளே வர வேண்டும். பாட்டின் உயிர் அங்கேதான் இருந்தது. கோழிக்கொட்டகையில் அதை அவன் தவறவிட்டதே கிடையாது.

முதல் தடவை வாசித்தார்கள். நிறுத்தம் வந்தது. ஆம்ப்ளியின் ம்ம்ம்ம் என்ற இரைச்சல் மட்டும். ஒன்று, இரண்டு, மூன்று...

ஜெயபாலன் உள்ளே வரவில்லை. தலையைத் திருப்பிச் சீனியைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"கூப்பிட்டியா?"

சீனி இல்லையென்று தலையாட்டினான். ராஜு குச்சியைச் சுழற்றி, மறுபடியும் என்றான்.

இரண்டாம் தடவையும் அதே இடத்தில் கை நின்றது. மூன்றாம் தடவையும். என்னவென்று கேட்டால் அவனுக்குச் சொல்லத் தெரியவில்லை. அந்த இரைச்சலுக்கு அடியில், ரொம்பத் தூரத்தில் இருந்து, யாரோ... இல்லை. வானொலி ஏதாவது சிக்கியிருக்கும் என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டான்.

மத்தியானம் ஒரு வாடை வந்தது.

ஆ சோங்தான் முதலில் மூக்கைச் சுளித்தார். எங்கோ ஒயர் எரிகிறது என்று ஓடிவந்து ஆம்ப்ளியை அணைத்தார். மூடியைக் கழற்றினார். டார்ச் அடித்துப் பார்த்தார். ஒன்றும் கருகவில்லை. ஆனால் வாடை போகவில்லை. அது ஒயர் வாடையும் இல்லை. சீனியும் ஜெயபாலனும் ஒரே நேரத்தில் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். தோட்டத்தில் பிறந்த எவனுக்கும் அது தெரியும். சட்டையில் ஏறினால் மூன்று சலவைக்கும் போகாது.

புகை போட்ட ரப்பர் ஷீட்டின் வாடை.

பழைய டவுனில், மருந்துக் கடை மாடியில், ரப்பர் ஷீட் எங்கிருந்து வரும்? சீனி பேச்சை மாற்றினான்.

மறுபடியும் ஆம்ப்ளியைப் போட்டார்கள். சூடாகட்டும் என்று கிட்டார் ஒயரைக்கூடச் சொருகாமல் உட்கார்ந்திருந்தார்கள். ஆ சோங் கண்ணாடியைத் தட்டி ஜெயபாலனை உள்ளே அழைத்தார். பதிவு மேசையில் ஒலியைக் காட்டும் முள்ளைச் சுட்டினார்.

யாரும் வாசிக்கவில்லை. யாரும் பேசவில்லை. முள் துடித்தது.

தட்... தட்... தட்...

நின்றது.

தட்... தட்... தட்...

ஆ சோங் மைக் ஒயரை மாற்றிப் பார்த்தார். அப்படியேதான் துடித்தது. பழைய சாமான், பைத்தியம் பிடித்திருக்கிறது என்று மலாயில் முணுமுணுத்துவிட்டு அவர் விட்டுவிட்டார். ஜெயபாலனால் விட முடியவில்லை. யாரோ கதவைத் தட்டுகிற கணக்கில் அல்லவா அது துடிக்கிறது?

அதற்குப் பிறகு எத்தனை தடவை வாசித்தார்கள் என்று அவனுக்கே நினைவில்லை. ஒவ்வொரு தடவையும் நிறுத்தம் வரை நெருப்பு. நிறுத்தத்தில் அவன் கை மரத்துப்போகும். ராஜு முதலில் கேலி செய்தான். பிறகு திட்டினான். பிறகு பேச்சையே நிறுத்திவிட்டான். அதுதான் தாங்க முடியாமல் இருந்தது. நல்ல ஆம்ப்ளி கிடைத்தும் வாசிக்கத் தெரியாதவன் என்று மற்ற மூவரில் யாரும் வாயால் சொல்லவில்லை. ஜெயபாலனின் கண் கலங்கியது. திரும்பி நின்று தந்தியைச் சுருதி சேர்ப்பது போலப் பாவனை செய்தான்.

"வேற ஆம்ப்ளில வாசிச்சிரு" என்றான் சீனி மெதுவாக. "அந்த ஜப்பான் பெட்டியே போதும். பாட்டு கெடைச்சா போதும்டா."

ஜெயபாலன் அந்த வண்டுப் பெட்டியைப் பார்த்தான். சாம்பல் பெட்டியைப் பார்த்தான்.

"இதுலயேதான்."

ஐந்து நாற்பது. ஆ சோங் ஒரு விரலைக் காட்டினார். இன்னும் ஒரே ஒரு தடவை.

வாசித்தார்கள். நான்கு வருஷத்தில் அப்படி வாசித்ததில்லை. ராஜு எழுந்து நின்றே அடித்தான். சீனியின் கழுத்து நரம்பு புடைத்தது. ஒரே அடி. நிறுத்தம்.

ம்ம்ம்ம்...

ஒன்று.

"அண்ணே..."

பெண் குரல். தொண்டை கட்டிப்போன குரல். ஸ்பீக்கர் துணிக்குப் பின்னால், ஒரு முழ தூரத்தில்.

இரண்டு.

விரல்கள் சரியான இடத்தில் இருந்தன. இந்த முறை மரத்துப்போகவில்லை. வாசித்திருக்கலாம். சாமி சத்தியமாக வாசித்திருக்கலாம் என்று அவன் சொல்வான்.

மூன்று.

"அண்ணே... கதவத் தொறங்கண்ணே..."

கூப்பிட்டவருக்கு என்னவென்று கேட்பது பெரிய தர்மம் ஒன்றுமில்லை. தெருவில் போகிற யாரும் செய்வதுதான். ஆனால் அந்த நொடியில் அவனுக்கு அதற்கு விலை இருந்தது. திங்கட்கிழமை பஸ் இருந்தது. நான்கு வருஷம் இருந்தது.

"இதோ வாரேம்மா" என்றான்.

கிட்டாரைக் கழற்றிக் கீழே வைத்தான்.

ராஜுவின் குச்சி பறந்து வந்து சுவரில் பட்டது. சீனி ஏதோ கத்தினான். ஜெயபாலன் ஸ்டூடியோவின் கனத்த கதவைத் திறந்தான். யாரும் இல்லை. கூடத்துக் கதவைத் திறந்தான். யாரும் இல்லை. ரப்பர்ப் புகை மட்டும் கண்ணைக் கரித்தது.

படி இறங்கினான்.

மரப்படி. அவன் காலடி கேட்டது. டொக். டொக்.

பின்னால், ஒரு படி தள்ளி...

டொக்.

அவன் திரும்பவில்லை.

கீழே தெருக்கதவு. இரும்புத் தாழ். இழுத்தான். வரவில்லை. தோளால் முட்டினான்.

திறந்தது.

வெயில்.

வலது கையை உரசிக்கொண்டு சூடாக ஏதோ கடந்து போனது. சேலைத் தலைப்பு படுவது போல. அவ்வளவுதான். கடை முன் நடைபாதையான ஐந்தடி வழியின் ஓரத்தில் படுத்திருந்த நாய் எழுந்தது. குரைக்கவில்லை. யாருக்கோ வழிவிடுவது போல ஒதுங்கி நின்றது. அதன் தலை மட்டும் மெதுவாகத் திரும்பியது. ஜெயபாலனை விட்டு... தெருவைக் கடந்து... தூரமாக...

"போய்ட்டு வாம்மா" என்றான். ஏன் சொன்னான் என்று தெரியவில்லை.

மேலே வந்தபோது வாடை இல்லை. ராஜு சிம்பலைக் கழற்றிக்கொண்டிருந்தான். முகத்தை நிமிர்த்தவில்லை. ஜெயபாலன் யாரோ கூப்பிட்டார்கள் என்றான். மற்ற இருவருக்கும் அப்படி எதுவும் கேட்டிருக்கவில்லை. ஆ சோங் மட்டும் முள்ளையே பார்த்துக்கொண்டிருந்தார். அது அடியில் படுத்துக் கிடந்தது. அவர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார், இவர்கள் மூவரின் முகத்தையும் பார்த்தார். தன் வீட்டில் அம்மா சாப்பாட்டுக்குக் காத்திருப்பாள், ஆனாலும் இன்னொரு தடவை வாசியுங்கள் என்றார்.

ராஜு சிம்பலைத் திரும்ப மாட்டினான்.

"ஒனக்காக இல்ல. எனக்காக அடிக்கிறேன்."

வாசித்தார்கள். நிறுத்தம் வந்தது. ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு. வெறும் இரைச்சல். ஜெயபாலன் உள்ளே வந்தான். அந்தக் கரகரத்த உறுமல் அறையை நிறைத்தது. பாட்டு முடிந்தது. ராஜு ஜெயபாலனின் பிடரியைப் பிடித்து ஓர் ஆட்டு ஆட்டினான்.

கெட்டுப்போன அந்தப் பதிவையும் ஆ சோங் போட்டுக் காட்டினார். நிறுத்தத்தில் இரைச்சல். பிறகு, ஜெயபாலனின் குரல் தெளிவாக, "இதோ வாரேம்மா." அதற்கு முன்னால் எதுவும் பதிவாகியிருக்கவில்லை.

மறுவாரம் சீனியின் வேனில் ஆம்ப்ளியைத் திருப்பிக் கொடுக்கப் போனார்கள். ரப்பர் போய், எண்ணெய் எடுக்கும் செம்பனை ஆகிவிட்ட தோட்டம். தொழிலாளர் லயத்தில் நாலைந்து வீடுகளில்தான் ஆள் இருந்தது. ராமையாவின் மனைவி காளியம்மா வெல்லம் போட்ட தேநீர் கொடுத்தார். பெட்டி நன்றாக வேலை செய்ததா என்று கேட்டார். ஜெயபாலனுக்கு மனசு கேட்கவில்லை.

"இந்தப் பெட்டியில யாராச்சும் கூப்பிடுற மாதிரி சத்தம் வருமா அக்கா?"

ராமையா எழுந்தார். லாரிக்குத் தண்ணீர் ஊற்ற வேண்டும் என்று வெளியே போய்விட்டார். காளியம்மா அவர் போகும்வரை பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு தணிந்த குரலில் சொன்னார்.

எழுபத்து மூன்றாம் வருஷம், ஆடித் திருவிழா. ராமையாவின் தங்கை மங்களம், பத்தொன்பது வயது. ரப்பர் ஷீட்டுகளைத் தொங்கவிட்டுப் புகை போடும் வீட்டில் அவளுக்கு வேலை. திருவிழாவுக்குப் போகும் அவசரத்தில், ஷீட் திருப்பிவிட உள்ளே போனவள் வந்துவிட்டாள் என்று நினைத்துக் காவலாள் வெளியே பூட்டைப் போட்டுவிட்டான். கோயிலுக்கும் அந்த வீட்டுக்கும் நடுவில் ஒரு திடல்தான். கூப்பிட்டால் கேட்கிற தூரம். ஆனால் மத்தியானத்தில் இருந்து நடுநிசி வரை ஒலிபெருக்கி ஓயவில்லை. மறுநாள் காலையில்தான் திறந்தார்கள்.

"அன்னைக்கு ஆம்ப்ளிகிட்ட உக்காந்து பாட்டுப் போட்டது இவருதான். அதுக்கப்புறம் அந்தப் பெட்டியைத் தொட்டதே இல்ல. ஒங்களுக்குன்னுதான் தூக்கிட்டு வந்தாரு."

 ஜெயபாலன் ஸ்டூடியோவில் நடந்ததைச் சொன்னான். கதவைத் திறந்ததையும் சொன்னான். எப்போது என்று காளியம்மா கேட்டார். ஞாயிற்றுக்கிழமை, ஐந்து நாற்பதுக்கு மேல் என்றான்.

 காளியம்மா எழுந்து, வாங்க தம்பி என்று மட்டும் சொல்லித் திடலைத் தாண்டி நடந்தார்.

புல் மண்டிய இடத்தில் செங்கல் வீடு. மங்களம் போன பிறகு தோட்டத்து ஆட்கள் அதில் கால்வைக்க மறுத்தார்கள். மேனேஜர் வேறு புகை வீடு கட்டினார். இதைப் பூட்டிச் சாவியைக் கிணற்றில் போட்டுவிட்டார்கள். பதின்மூன்று வருஷமாக அந்தக் கதவு திறந்ததில்லை.

இப்போது அகலத் திறந்து கிடந்தது.

போன ஞாயிறு, சாயங்காலம் ஆறு மணிப் பூசைக்கு மணி அடிக்கப் போன நேரத்தில், கோயில் துப்புரவுக்கு வந்த அத்தனை பேரும் பார்க்கத் திறந்ததாம். காற்று இல்லை. அந்தப் பக்கம் ஆளும் இல்லை.

ஜெயபாலன் கிட்டே போய்ப் பார்த்தான். கதவு நிலையில் இருந்த இரும்பு வளையத்தில் பூட்டு தொங்கியது. தொட்டான். துரு அப்படியே உறைந்திருந்தது. எங்கும் உடைந்த தடயம் இல்லை.

பூட்டு, பூட்டியபடியே இருந்தது.